வினா எண் பதினான்கு, ஆ

தாளின் பெயர் நிதி நிறுவனங்களும் சந்தைகளும்.
இரண்டாம் பருவம். மருதமலைக் காற்று
வினாத்தாளைத் தூக்கிப் பார்க்கிறது.
கால்குலேட்டரை எடுத்து மேலே வைக்கிறேன்.

சின்னக் கேள்விகள் முடிந்தன.
கருவூல உண்டியல் என்றால் என்ன, இரண்டு மதிப்பெண்.
உண்டியல் என்று படித்ததும் பக்கத்து பெஞ்சு மேகவல்லிக்குச் சிரிப்பு,
போன வாரம்தான் பண்ணாரியில் நூறு ரூபாய் போட்டுவிட்டு வந்தாள்,
இந்தப் பேப்பருக்காக.
பத்திரத்தின் விலை ஏறினால் வருவாய் ஏன் இறங்குகிறது,
ஒரு தராசு வரைந்து, ஐந்து.

பிறகு இது:
வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் வங்கியை நோக்கி ஓடுவது ஏன்?
தக்க சான்றுடன் விவரி. பதினைந்து.

தெரியும். மனப்பாடமாகவே தெரியும்.
குறுகிய காலத்துக்கு வாங்கி
நீண்ட காலத்துக்குக் கொடுக்கிறது நிறுவனம்.
முன்னால் நிற்பவருக்கு முழுசாக,
பின்னால் நிற்பவருக்கு மீதி இருந்தால்.
ஆகவே ஓடுவதே அறிவு.
ரெஜினா மேடம் இதை நடத்திய அன்று
கடைசி பெஞ்சில் யாரோ விசில் அடித்தார்கள்.

சான்றுக்கு வந்ததும் பேனா நின்றது.

கோபியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில்,
ஒரு பைனான்ஸ். மாடிப்படி, கண்ணாடிக் கதவு,
உள்ளே கம்பி போட்ட கூண்டு.
கூண்டுக்குள் கேஷியர், என் அம்மா.
பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான்,
ரப்பர் பேண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்தபடி.

முதலாளி ஈரோடு போயிருப்பதாகச் சொன்னார்கள்.
மத்தியானம் படியில் நாலு பேர்.
பொழுதோட, படியே தெரியவில்லை.
கொப்பரை வியாபாரி, பால் சொசைட்டிக்காரர்,
மகள் கல்யாணத்துக்குக் கட்டிவந்த சுப்பாயக்கா,
எல்லார் கையிலும் அதே இளநீலப் பாஸ்புக்.
'இருக்குதுங்களா இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்.'
'இருக்குதுங். தள்ளாம நில்லுங்,
எல்லார்த்துக்கும் வருமுங்.'

டிராயரில் நூறு ரூபாய்க் கட்டு ஒன்று,
அரைக்கட்டு ஒன்று, சில்லறை டப்பா.
எனக்கு எட்டு வயது. எண்ணத் தெரியும்.

யாருக்கும் முழுசாகக் கொடுக்கவில்லை அம்மா.
ஆளுக்கு ஐநூறு.
பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு முறை கிடையாது.
முப்பது பேருக்கு வந்தது.
வாங்கியவர்களும் திட்டினார்கள்.
சுப்பாயக்கா முப்பத்தொன்றாவதோ நாற்பதாவதோ,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
என்னைத்தான் பார்த்தாள்.

இதுவரை எழுதலாம்.

ஆனால் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை
அம்மா ஒரு பாஸ்புக்கை என் முன்னால் விரித்தாள்.
முத்திரை குத்த எனக்கு ஆசை என்று அவளுக்குத் தெரியும்.
'நேரா வெச்சு அழுத்து கண்ணு' என்றாள்.
ஊதா மை. கணக்கு முடிக்கப்பட்டது.
முதல் பக்கத்தில் பெயர் இருந்தது,
நாகமணி, அவள் பெயர்.

வரிசையின் முதல் ஆள்
கூண்டுக்கு உள்ளேயே இருந்திருக்கிறாள்.
அதற்கும் ஒரு பெயர் உண்டு, மூன்றாம் அலகு,
சமச்சீரற்ற தகவல், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
அந்தப் பக்கத்தை நான் நெட்டுருப் போட்டது
அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகத்தில்தானா
என்று கணக்குப் பார்க்க
எந்தச் சூத்திரமும் கொடுக்கப்படவில்லை.

ஹால் டிக்கெட்டுக்கு அடியில் கட்டண ரசீது மடிந்து கிடக்கிறது.
இன்னும் பத்து நிமிடம் என்கிறார் கண்காணிப்பாளர்.

எழுதினேன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள், அமெரிக்கா.
ஆயிரக்கணக்கான வங்கிகள். நீண்ட வரிசைகள்.
அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
கூடுதல் தாளை நூல் போட்டுக் கட்டினேன்,
முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது.

வெளியே வந்து போனைப் போட்டதும் அவளே அழைத்தாள்.
'எப்படி கண்ணு எழுதுன?'
'நல்லா எழுதீருக்கேனுங்மா.'
'படிச்சதெல்லாம் வந்துச்சா?'

புங்கமரத்தடியில் மேகவல்லி
தராசு படத்தைத் தப்பாகப் போட்டதற்கு அழுதுகொண்டிருந்தாள்.

'வந்துச்சுங்' என்றேன்.
'எல்லாமே வந்துச்சுங்.'